முந்நூற்றுப் பன்னிரண்டு ஃபோல்டர்கள்

என் மனைவி பழைய பத்திரங்களை மொழிபெயர்க்கிறாள். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் எழுதிய கிரயமும் பாகப்பிரிவினையும் ஒற்றியும் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கின்றன. அந்த நிலங்களுக்கு இன்று உரிமை கொண்டாடுகிறவர்களுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். அவளுக்குப் பிறந்த வீடு நாகர்கோவில் பக்கம், படிப்பு முழுக்கத் திருவனந்தபுரத்தில், மலையாளத்தில். ஆகவே நாகர்கோவிலில் ஒரு வக்கீல் அலுவலகம் ஐந்து வருஷமாக இந்த வேலையை அவளுக்கே கொடுத்துவருகிறது. பிள்ளைகள் இருவரும் வெளியூர் போன பிறகு அவளாகத் தேடிக்கொண்ட வேலை அது.

அவள் வேலை செய்கிற விதம் வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. பத்திரத்தை முழுப் பக்கமாக வைத்துக்கொண்டு மொழிபெயர்க்க மாட்டாள். ஒவ்வொரு வரியையும் தனிப் படமாக வெட்டி எடுப்பாள். படத்துக்குக் கீழே அந்த வரிக்கான தமிழைத் தட்டுவாள். பழைய கையெழுத்தில் ஒரு வரி இன்னொரு வரிக்குள் நுழைந்து கிடக்கும், காகிதம் மடிந்த இடத்தில் பாதி எழுத்து காணாமல் போயிருக்கும். வரி வரியாகப் பிரித்தால்தான் கண் ஏமாறாது என்பாள். பன்னிரண்டு பக்கப் பத்திரம் ஒன்று இப்படி ஐந்நூறு சின்னச் சின்னக் கோப்புகளாகிவிடும்.

இதில் என் பங்கு, அந்தக் கோப்புகளை நாகர்கோவிலுக்குக் கொண்டு சேர்ப்பது. நான் திருவனந்தபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். கடைசிப் பத்து வருஷம் அங்கே கம்ப்யூட்டரைத் தொட வேறு யாரும் முன்வராததால் நானே கம்ப்யூட்டர் சார் ஆனேன். அந்தப் பட்டத்தை ஓய்வு பெற்ற பிறகும் விட மனசில்லை. அதே ஊரில், கரமனையில் எங்கள் வீட்டு உள்ளறையில், பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வைத்து, அதில் லினக்ஸ் இயங்குதளம் போட்டு, கோப்புகளை ஒத்திசைக்கும் மென்பொருளை நிறுவினேன். அவள் தன் கம்ப்யூட்டரிலிருந்து இந்தப் பெட்டியில் ஒரு கோப்பைச் சேமித்தால் சில நிமிஷத்தில் அது தானாக வக்கீல் அலுவலகக் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். அங்கிருக்கிற குமாஸ்தா திறந்து அச்செடுத்துக்கொள்வார். கடவுச்சொல் எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். எங்கள் அலுவலகத்தில் எந்த மனு வந்தாலும் அதற்கென்று தனிக் கோப்பு, தனி எண், தனிக் குறிப்புத்தாள். இரண்டு வரிக் கடிதம்கூட இன்னொன்றின் கோப்புக்குள் ஒண்டிக்கொள்ள விடமாட்டோம். அதே வழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். எல்லாப் பத்திரங்களையும் ஒரு பெரிய ஃபோல்டரில் போட்டு அதை மட்டும் பகிர்ந்திருந்தால் போதும். நான் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஒரு தனி ஃபோல்டர் திறந்து, அதற்கு எண் போட்டு, மென்பொருளிலும் தனித்தனிப் பகிர்வாகவே பதிந்தேன். புதுப் பத்திரம் வரும்போதெல்லாம் அந்தப் பக்கத்தில் குமாஸ்தாவும் ஒருமுறை ஒப்புதல் அழுத்த வேண்டும். அவர் சலித்துக்கொள்வது எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்பு ஒருநாள் இவளும் கேட்டாள், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு உள்ளே பிரித்துக்கொண்டால் போதாதா என்று. நான் சிரித்துவிட்டு, கோப்பு நிர்வாகம் பற்றி அரைமணி நேரம் வகுப்பெடுத்தேன். அவள் பாதியிலேயே எழுந்து போய்விட்டாள்.

போன மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, அந்த மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்திருப்பதாக ஓர் அறிவிப்பு திரையில் நின்றது. எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. இட்லி சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து அப்கிரேடு செய்தேன். பழைய தரவையெல்லாம் புது முறைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று அது மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டது. அந்த மூன்று மணி நேரமும் அவள் பெயருக்கு ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் முடிந்ததும் பட்டியலைத் திறந்து பார்த்தேன். முதல் திரையில் தெரிந்த பத்துப் பதினைந்து ஃபோல்டர்களும் பச்சையாக இருந்தன. எல்லாம் சரியாக இருக்கிறது, இனி வேலையைத் தொடங்கலாம் என்று சொல்லிவிட்டு மின்சார பில் கட்டப் போனேன்.

வியாழக்கிழமை காலை குமாஸ்தா அழைத்தார். ஒரு பாகப் பத்திரத்தின் நான்கெல்லை விவரத்தில் வடக்கே ஓடை என்று இருக்கிறது, உண்மையில் ஓடை இருப்பது தெற்கே. அச்செடுத்த நகலைப் பார்த்த கட்சிக்காரர் அலுவலகத்தில் வந்து சத்தம் போட்டிருக்கிறார். திங்கட்கிழமை வாய்தா. அந்தத் தவறு இவளுக்கே தெரிந்த ஒன்றுதான். முதல் தடவை படித்தபோது மடிப்பில் ஒரு வரி ஒளிந்துகொண்டு எல்லைகள் இடம் மாறிவிட்டன. பக்கத்து நிலத்தின் பத்திரத்தோடு ஒப்பிட்டபோது அவளே கண்டுபிடித்து, செவ்வாய்க்கிழமை திருத்திச் சேமித்து, குமாஸ்தாவிடமும் போனில் சொல்லியிருந்தாள். திருத்தியது வந்துவிடும், அதைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அவர் புதன்கிழமை எடுத்ததோ பழையது. அவருடைய கம்ப்யூட்டரில் அதுதான் இருந்தது.

அவள் தன் கோப்பைத் திறந்து பார்க்க அடுத்த அறைக்குப் போனாள். போன் என் கையில் இருந்தது. குமாஸ்தா பணிவான மனிதர். தயங்கித் தயங்கி, கம்ப்யூட்டரில் ஏதாவது கோளாறு இருக்குமா சார் என்று என்னிடம் கேட்டார். நான் அப்கிரேடு செய்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. எழுந்து நாலடி நடந்து அந்தப் பட்டியலைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

"சிஸ்டம் எல்லாம் நல்லா இருக்கு. அவ சேவ் பண்ண மறந்திருப்பா," என்றேன்.

அவள் திரும்பி வந்து, தன் கோப்பில் ஓடை தெற்கேதான் இருக்கிறது என்று சொல்லி, அந்தப் பக்கத்தை உடனே மின்னஞ்சலில் அனுப்பினாள். வாய்தாவுக்கு வேண்டியது அத்தோடு கிடைத்துவிட்டது. ஆனால் சாயங்காலம் வக்கீலே அழைத்தார். ஒரு கடுஞ்சொல் இல்லை. இனி எந்தத் திருத்தம் செய்தாலும் குமாஸ்தாவைக் கூப்பிட்டு அவர் வாசிக்கக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள் என்றார். ஒரே குடும்பத்தின் பதினெட்டுப் பத்திரங்கள் அடங்கிய ஒரு பெரிய கட்டு அவளுக்கு வருவதாக இருந்தது. அதை அப்புறம் பார்க்கலாம் என்றார். அவள் சரி சார், சரி சார் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை காலம்பற திருத்தினதாக்கும். பொய் சொல்லிட்டேன்னு நெனச்சிட்டாங்க," என்றாள்.

மனுஷன் என்றால் மறதி வரத்தான் செய்யும், வயசாகிறது அல்லவா என்று நான் பெரிய மனசோடு சொன்னேன். அதைவிடப் பேசாமல் இருந்திருக்கலாம். அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். மறுநாள் காலை காபி டம்ளர் என் முன்னால் வந்தது, கூடவே வழக்கமாக வரும் பேச்சு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி குடும்பத்தோடு சுற்றிப் பார்க்கக் கல்லாறு போவதாக இருந்தோம். அவர்களை மட்டும் போய்வரச் சொல்லிவிட்டாள்.

எனக்குக் கோபம். என் கோபத்துக்கு எப்போதுமே ஆதாரம் வேண்டும், அதுவும் அலுவலக வழக்கம். மென்பொருள் தான் செய்கிற ஒவ்வொன்றையும் ஒரு பதிவில் எழுதி வைக்கும். லாக் என்பார்கள். எந்தக் கோப்பு எப்போது சேமிக்கப்பட்டது, எப்போது அனுப்பப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். செவ்வாய்க்கிழமை அவள் எதையும் சேமிக்கவில்லை என்பதை அதிலிருந்தே எடுத்துக் காட்டிவிடுவது என்று வெள்ளிக்கிழமை காலை உட்கார்ந்தேன்.

லாக் முழுக்க ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. திறந்திருக்கும் கோப்புகள் அளவுக்கு மீறிவிட்டன, இதற்கு மேல் எதையும் திறக்க முடியாது என்பது அதன் சாரம். நூற்றுக்கணக்கில் இருந்தது. பட்டியலை முதல் தடவையாகக் கீழே வரை இழுத்துப் பார்த்தேன். மேலே பச்சை. இருநூறைத் தாண்டியதும் சிவப்பு, சிவப்பு, அதன் கீழும் சிவப்பு.

அப்போதும் என் புத்தி அவள் பக்கமே போனது. அவள் தன் கம்ப்யூட்டரில் எப்போதும் இருபது முப்பது ஜன்னல்களைத் திறந்து வைத்திருப்பாள், மூடுகிற பழக்கம் கிடையாது. கோப்புகள் அதிகம் திறந்திருப்பதற்கு அதுதான் காரணம் என்று முடிவு கட்டி, அவளிடம் கேட்காமலே எல்லாவற்றையும் மூடினேன். மென்பொருளை நிறுத்தித் தொடங்கினேன். ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் சிவப்பு. அவள் ஜன்னல்கள் இருப்பது அவளுடைய கம்ப்யூட்டரில், எண்ணிக்கை மீறியது என்னுடைய பெட்டியில். இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. இதைப் புரிந்துகொள்ளக் கம்ப்யூட்டர் சாருக்கு ஒரு காலை முழுவதும் ஆயிற்று.

பிறகு ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். லினக்ஸில் ஓடுகிற ஒவ்வொரு நிரலும் ஒரே நேரத்தில் இத்தனை கோப்புகளைத்தான் திறந்து வைத்திருக்கலாம் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. என் பெட்டியில் அது ஆயிரத்து இருபத்து நான்கு. சரி, உயர்த்திவிடலாம் என்று கறுப்புத் திரையைத் திறந்து அதற்கான கட்டளையைத் தட்டினேன். புது எண்ணைக் காட்டியது. மென்பொருளை மறுபடி தொடங்கினேன். மறுபடி அதே சிவப்பு. மத்தியானச் சோறு ஆறிப்போனது. கட்டளையை மூன்று தடவை தட்டினேன், நாலாவது தடவை கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கூடிப் பேசும் ஓர் இணையக் களம் இருக்கிறது. அதில் என் நிலையை எழுதிப் போட்டேன். ஒருவர் பொறுமையாகப் பதில் எழுதினார். நான் உயர்த்திய வரம்பு நான் தட்டிக்கொண்டிருந்த அந்தத் திரைக்கு மட்டும்தான் செல்லுமாம். மென்பொருளோ கம்ப்யூட்டர் எழும்போதே பின்னணியில் தானாகத் தொடங்குவது. அதற்கு வரம்பு வைப்பது வேறோர் இடம், அதன் சேவை அமைப்பில் போய் எழுத வேண்டும் என்றார். முகப்பில் நின்று நான் கத்தியது பின்கட்டுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதே ஆள் இன்னொன்றும் எழுதியிருந்தார். பழைய பதிப்பில் எல்லாப் பகிர்வுகளுக்கும் சேர்த்து ஒரே தரவுத்தளம்தான் இருந்தது. புதுப் பதிப்பு ஒவ்வொரு பகிர்வுக்கும் தனித் தரவுத்தளம் வைக்கிறது, ஒவ்வொன்றுக்கும் நாலைந்து கோப்புகளைத் திறந்தே வைத்திருக்கும். சாதாரணமாக ஒருவரிடம் ஐந்தோ பத்தோ பகிர்வுகள் இருக்கும், அதனால் யாருக்கும் தொந்தரவு வருவதில்லை. உங்களிடம் எத்தனை இருக்கின்றன என்று கேட்டிருந்தார்.

முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினேன். எதற்கு இத்தனை என்று ஒரு வரியில் கேட்டார். சுருக்கென்றது. நாலைந்து விதமாக நியாயம் எழுதிப் பார்த்து எல்லாவற்றையும் அழித்தேன். ஒரே ஃபோல்டராக வைத்திருந்தால் இந்தப் பிரச்சினை என் வீட்டு வாசலைக்கூட மிதித்திருக்காது. அதைத்தான் அவள் மூன்று வருஷத்துக்கு முன்பு கேட்டாள்.

சனிக்கிழமை காலை சேவை அமைப்பில் வரம்பை உயர்த்தினேன். ஒரே வரி. மென்பொருளைத் தொடங்கியதும் சிவப்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன, தேங்கிக் கிடந்த கோப்புகள் நாகர்கோவிலுக்கு ஓடின. பத்து மணி போல எல்லாம் பச்சை. இந்தத் தடவை கடைசி வரை இழுத்துப் பார்த்தேன்.

அதன் பிறகுதான் நான் முதலில் தேடப் போனதைத் தேடினேன். செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று நாற்பத்திரண்டு. அந்தப் பாகப் பத்திரத்தின் எண், அந்தப் பக்கத்தின் எண், அந்த வரியின் எண். அவள் சேமித்த கோப்பைக் கவனித்து, அனுப்புவதற்காகத் திறக்கப் பார்த்து, திறக்க முடியாமல் மென்பொருள் தோற்றுப்போன இடம். அவள் சொன்னது சொன்னபடியே அங்கே இருந்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு நேரே போய் அவளிடம் சொல்லியிருந்தால் நான் நல்லவன். நான் முதலில் யோசித்தது, இதை எப்படிப் பூசி மெழுகலாம் என்று. சாஃப்ட்வேரில் ஒரு கோளாறு, இப்போது சரியாகிவிட்டது என்று போய்ச் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நின்றது. அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை திருத்தியது அதில் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று அந்த வரியை வாசித்தாள். நேரத்தை இரண்டு தடவை வாசித்தாள். இது எதனால் வந்தது என்றாள். அப்கிரேடால் என்றேன். அப்கிரேடு செய்தால் எல்லோருக்கும் இப்படி வருமா என்றாள். வராது, ஃபோல்டர்கள் அதிகமாக இருந்தால் வரும் என்றேன். நான் அப்போதே சொன்னேனே என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், இரண்டு பேருக்கும் லேசாகியிருக்கும்.

"வக்கீலை விளிச்சு நீங்கதான் சொல்லணும். சாஃப்ட்வேர் கோளாறுன்னு ஒப்பேத்தக் கூடாது, கேட்டியளா," என்றாள்.

அவளே எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டு, மேஜை மேல் வைத்தாள். வக்கீல் அலுவலகத்தில்தான் இருந்தார். நான் சொன்னேன். அவள் செவ்வாய்க்கிழமை பதினொன்று நாற்பத்திரண்டுக்கே திருத்திவிட்டாள், அதை அனுப்பாமல் நிறுத்தியது நான் வைத்த ஏற்பாடு, அப்கிரேடு செய்ததும் நான், செய்துவிட்டு முழுப் பட்டியலையும் பார்க்காமல் விட்டதும் நான் என்று வரிசையாகச் சொன்னேன். அலுவலகத்தில் இருந்தபோதுகூட என் பிழையை இப்படிப் பிரித்து அடுக்கியதில்லை. சொல்லி முடித்ததும் கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தது.

வக்கீல் குறை சொல்கிற தொனியே இல்லாமல் சொன்னார்.

"நாங்க முதல்ல கம்ப்யூட்டராத்தான் இருக்கும்னு நெனச்சோம் சார். அதனாலதான் குமாஸ்தா உங்ககிட்ட கேட்டாரு. மேடம் மறந்திருப்பாங்கன்னு நீங்களே சொன்னதா வந்து சொன்னாரு. வீட்டுக்காரரே சொன்னா நாங்க என்ன பண்றது?"

அவளுக்கு அது தெரியாது. நான் அவளிடம் சொன்ன மறதி உபதேசம்தான் அவளுக்குத் தெரியும், அதற்கு முன்பே அந்த வார்த்தையை நாகர்கோவில் வரை அனுப்பிவிட்டேன் என்பது தெரியாது. நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வக்கீல் அவளிடம் வருத்தம் சொன்னார், பதினெட்டுப் பத்திரங்களையும் புதன்கிழமை அனுப்புவதாகச் சொன்னார். அவள் நன்றி சொல்லி, அவர் வீட்டில் எல்லோரும் சுகமா என்று விசாரித்து, நிதானமாகப் போனை வைத்தாள்.

"அவரு கேட்டப்போ பாத்துட்டுச் சொல்லியிருந்தா மதி, அவ்வளவு போதும். நீங்க பாக்கவே இல்லையே," என்றாள்.

அதற்குமேல் அதைப் பற்றி அவள் பேசவில்லை, இன்று வரை பேசவில்லை. அடுத்த வாரம் முழுவதும் உட்கார்ந்து முந்நூற்றுப் பன்னிரண்டையும் கலைத்து ஒரே ஃபோல்டரின் கீழ் கொண்டுவந்தேன். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், வாங்கித் தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். பதினெட்டுப் பத்திரக் கட்டும் வந்தது. வழக்கம்போல வரி வரியாக வெட்டி வேலை செய்கிறாள். பேச்சும் சிரிப்பும் பழையபடி ஆகிவிட்டது, காபியோடு ஊர்க்கதையும் வருகிறது.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. மத்தியானம் வேலையை முடித்ததும், எல்லாம் போய்ச் சேர்ந்ததா என்று முன்பு என்னைத்தான் கேட்பாள். இப்போதும் கேட்கிறாள். நான் எழுந்து போய், பட்டியலைக் கடைசி வரை பார்த்துவிட்டு வந்து, சேர்ந்துவிட்டது என்கிறேன். செரி என்கிறாள். அப்புறம் எனக்கு எதிரிலேயே போனை எடுத்து, நாகர்கோவிலுக்கு விளித்து, வந்ததா என்று குமாஸ்தாவிடம் கேட்கிறாள். அவர் பார்த்துச் சொல்லும் வரை நானும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.